உயிருள்ள விசைப்பொறி, உயிரற்ற குழல்: திரித் துவக்கை நிகழ்ச்சிக்குத் தயார்செய்தல்

1630 ஆகஸ்டில் பதுளைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போர்த்துக்கேயப் படையைக் கண்டியர் வெல்லவாயவுக்கு அருகே, ரன்தெனிவெலயில் வளைத்துக்கொண்டார்கள். படைத்தலைவர் கொன்ஸ்தந்தீனு டி சா அங்கேயே மாண்டார். அவரோடு வந்த சிங்கள லஸ்கரின் படையினர் தக்க நேரத்தில் கண்டியர் பக்கம் போய்விட்டதே தோல்விக்கு முதற்காரணம். அடுத்த காரணம் மழை. திரிகள் அணைந்தன, மருந்து நனைந்தது, துவக்குகள் வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் வெல்லவாயப் பக்கம் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது ஊவா மாகாணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காய்ச்சலை நம்பித்தான் படை இறங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

ரன்தெனிவெலப் போரைப் பாடசாலை விழாவிலோ தோட்டத்துக் கலை நிகழ்ச்சியிலோ நடித்துக் காட்ட விரும்புகிறவர்களுக்கும், வீட்டில் ஒரு மாதிரித் துவக்கை வைத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்தது என்று விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்த அத்தியாயம். இதில் சொல்லும் துவக்கு சுடாது. ஆனால் திரி எரியும், பாம்பு விழும், கங்கு தட்டைத் தொடும். வெடிச் சத்தத்தையும் புகையையும் தவிர மற்றதெல்லாம் உண்மையாக நடக்கும். பார்வையாளருக்கு இதுவே நல்லது என்றுகூடச் சொல்வேன். வெடித்துவிட்டால் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். விசைப்பொறி என்ன செய்தது என்பதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

உறுப்புகளின் பெயர்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். குண்டு போகும் இரும்பு, குழல். அதைத் தாங்கும் மரம், கட்டை. குழலின் பின்புறப் பக்கவாட்டில் உள்ள சிறு ஓட்டை, காதுத்துளை. அதன் வாசலில் மருந்து வைக்கும் சிறு கிண்ணம், தட்டு. திரியைக் கவ்விக்கொண்டு தட்டின் மேல் குனியும் வளைந்த கை, பாம்பு. விரல் இழுப்பது விசை. பாம்பையும் விசையையும் பாம்பை விழவைக்கும் வில்லையும் சேர்த்து விசைப்பொறி என்போம்.

கையில் இருப்பது எது?

பழைய பங்களாவின் பரணிலோ வீட்டுக் கூரைக்குள்ளோ கிடைத்த பழந்துவக்கு என்றால் இந்த அத்தியாயம் அதற்கு இல்லை. அதைத் துடைக்கவும் வேண்டாம், விசையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். கருமருந்து நனையாமல் இருந்தால் நூறு வருடம் கழிந்தாலும் அதன் வீரியம் போகாது. வாய்வழி மருந்து இடித்த பழைய துவக்குகள் பல, உள்ளே மருந்தும் குண்டும் இருக்கும் நிலையிலேயே உலகெங்கும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அருங்காட்சியகத்தார் இதைச் சோதிக்கும் முறை எளிது. ஒரு மரக்கோலைக் குழலுக்குள் மெதுவாக இறக்கி, வாயருகே கோலில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். கோலின் நுனி காதுத்துளை வரை எட்டாவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. தெரிந்துகொள்வதற்காக இதைச் சொல்கிறேன்; நீங்கள் செய்ய வேண்டியது, பொருளைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவிப்பதுதான். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் என்றால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும் குறுக்கே வரும். அந்தத் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள்.

இரண்டாவது வகை, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மாதிரித் துவக்கு. இந்தியப் பட்டறைகளில் செய்து ஏற்றுமதியாகும் பலவற்றில் காதுத்துளை போட்டிருக்காது. அந்தத் துளை இல்லாததால்தான் அது அலங்காரப் பொருள். எக்காரணம் கொண்டும் துளையிடாதீர்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1996இல் வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. கருமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் தனியே இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அலங்காரத்துக்கென்று செய்த குழலின் அடிப்பக்கம் வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அது பிளந்தால் முகத்துக்கு அருகில்தான் பிளக்கும்.

மூன்றாவது வகை நீங்களே செய்விப்பது. நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு: குழல் மரத்தில் இருக்கட்டும். கடைசல்காரரிடம் கொடுத்து, வாயில் மட்டும் நான்கு விரல் ஆழத்துக்குக் குடைந்து, கறுப்பு வர்ணம் பூசினால் மூன்றடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர்க் குழாயை வெட்டி ஒரு முனையை அடைத்துச் செய்தால் வேலை மிச்சம்தான். ஆனால் அது பொலிஸார் கண்ணுக்குக் கல்கட்டஸ் என்னும் நாட்டுத் துவக்கு. ஊவாவின் காட்டோரங்களில் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கும் இதே மாதிரிக் குழாயில் செய்வதுதான். விறகு பொறுக்கப் போனவரும் தேன் எடுக்கப் போனவரும் கால் போய் ஆஸ்பத்திரியில் கிடப்பதை மொனராகலைப் பக்கத்தில் கேள்விப்படாதவர் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் அடைத்த குழாயோடு பஸ் ஏறுவது புத்திசாலித்தனம் அல்ல. மரக்குழல் என்றாலும் நிகழ்ச்சிக்கு முன்பே உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியைத் துவக்கோடு கொண்டுபோங்கள்.

வடிவம்

போர்த்துக்கேயச் சிப்பாயின் துவக்கும் கண்டியரின் துவக்கும் ஒன்றல்ல. மேடையில் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரியைக் கொடுத்துவிடுவது பெரும்பாலான நாடகங்களில் நடக்கும் தவறு. ஐரோப்பியத் துவக்கில் விசைப்பொறி வலப்பக்கம். பாம்பு சுடுபவரை நோக்கிப் பின்புறமாகச் சாயும். இலங்கையில் செய்த துவக்குகளில் விசைப்பொறி இடப்பக்கம் இருக்கும். கட்டையின் அடி குட்டையாக, இரண்டாகப் பிரிந்து சுருண்ட வேலைப்பாட்டோடு முடியும். கொழும்பு, கண்டி அருங்காட்சியகங்களுக்குப் போனால் ஒரு தாளில் வரைந்துகொண்டு வாருங்கள். 2023 டிசம்பரில் நெதர்லாந்து திருப்பித் தந்த ஆறு பொருட்களில், லெவ்கே திசாவையின் பீரங்கியோடு இரண்டு பெருந்துவக்குகளும் இருந்தன. பேச்செல்லாம் பீரங்கியைப் பற்றியே நடந்தது. நம் வேலைக்கு அந்தத் துவக்குகள்தான் முக்கியம்.

இலங்கைக் கொல்லர் அடித்த குழல்களின் அழகை 1596இல் வெளியான தன் பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் புகழ்ந்திருக்கிறார். இரும்புத் தொழில் இங்கே புதிதல்ல. சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் ஆராய்ந்து 1996இல் எழுதினார். அவை துவக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. வெடியுப்பும் உள்ளூரிலேயே கிடைத்தது. குகை மண்ணிலிருந்து அதை எடுத்த முறையைப் படை மருத்துவர் ஜோன் டேவி 1821இல் விவரித்திருக்கிறார்.

கட்டைக்குப் பலா நல்லது. கிடைக்காவிட்டால் தோட்டத்துச் சவுக்குப் பலகை போதும், நன்றாகக் காய்ந்ததாக இருந்தால். அல்பீசியா வேண்டாம், திருகாணி பிடிக்காது.

விசைப்பொறி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பாம்பை அரை அங்குல இரும்புப் பட்டையில் ஒரு கொல்லர் அடித்துக் கொடுப்பார். பித்தளையில் செய்தால் துருவும் ஏறாது, பார்வைக்கும் நன்றாக இருக்கும். அதன் வாய் இரண்டு உதடாகப் பிளந்து, நடுவே ஒரு திருகாணியோடு இருக்க வேண்டும். திருகாணியை விரலாலேயே இறுக்க முடியவேண்டும். திரி எரிந்து குறையக் குறைய அதை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கப் போகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூட்ரைவர் தேடினால் நாடகம் நின்றுவிடும்.

முதற்சோதனை, பாம்பு விழும் இடம். நெருப்பு வேண்டாம். திரியின் பருமனுள்ள குச்சியை உதடுகளில் மாட்டி, நுனியில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து, விசையை இழுத்துவிடுங்கள். தட்டின் நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் சரி. தட்டின் விளிம்பில் விழுந்தால் கங்கு அங்கே மோதி உடைந்து தீப்பொறி சிதறும். பாம்பின் கழுத்தைச் சூடாக்கிக் கொஞ்சம் வளைத்துத் திரும்பச் சோதியுங்கள். பக்கவாட்டில் ஆடினால் குற்றம் பாம்பில் இல்லை, அதன் அச்சு ஆணியில். ஆணிக்கும் துளைக்கும் இடைவெளி அதிகம். ஒரு மெல்லிய பித்தளை வாசர் போதும்.

இரண்டாவது சோதனை வில். புதிதாகச் செய்பவர் எல்லோரும் வில்லை வலிமையாகப் போட்டுவிடுகிறார்கள், பாம்பு டக்கென்று விழுந்தால் வீரமாக இருக்கும் என்று. விளைவு, கங்கு தட்டில் மோதி நசுங்கி அணைந்துவிடும். திரித் துவக்கில் மோதல் தேவையே இல்லை. கங்கு மருந்தைத் தொட்டால் போதும். ஜப்பானில் 1543இல் போர்த்துக்கேயர் மூலம் தனேகஷிமா தீவுக்குத் துவக்கு வந்தபின் அங்குள்ள கொல்லர்கள் செய்த விசைப்பொறிகளில் வில் பித்தளையில்தான் இருக்கும். அது இரும்பு வில்லை விட மென்மையானது. நீங்களும் பித்தளைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி விறைப்பேற்றி வில்லாக வளைக்கலாம். பற்றவைத்த திரியை மாட்டி, காலித் தட்டில் திரும்பத் திரும்ப விழவிட்டுப் பாருங்கள். எத்தனை முறை விழுந்தாலும் கங்கு உயிரோடு இருக்க வேண்டும். அணைந்தால் வில்லை அரத்தால் ராவி மெலிதாக்குங்கள்.

தட்டுக்கு மூடி கட்டாயம் வேண்டும். நம் துவக்கில் மருந்து இல்லை, மூடி எதற்கு என்று கேட்கலாம். அன்றைய சிப்பாயின் உயிர் அந்த மூடியில் இருந்தது. மூடி திறப்பதற்கு முன் திரி தட்டின் பக்கம் போகாது. சுடும் கணத்துக்கு முன் மூடி திறக்காது. நடிப்பவர் அந்த மூடியைத் தள்ளும்போதுதான் பார்வையாளருக்கு அடுத்து நடக்கப்போவது விளங்கும்.

திரி

பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கக் கட்டித் தொங்கவிடும் தும்புக் கயிறு எப்படி நாள் முழுவதும் புகைகிறதோ, திரியும் அப்படித்தான். அந்தக் கயிற்றையே மாட்டிப் பழகத் தொடங்கலாம். ஆனால் தும்பின் கங்கு பொலபொலவென்று உதிரும். தட்டைத் தொட்டதும் பாதி கீழே விழும். பழகுவதற்குத் தும்பு, மேடைக்குப் பருத்தி என்பது என் வழக்கம்.

ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் பருமனுள்ள, முறுக்கிய அல்லது பின்னிய முழுப் பருத்திக் கயிறு வாங்குங்கள். கடைக்காரர் பருத்தி என்று சொல்வதை நம்பாமல் ஒரு துண்டின் நுனியைக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியாகத் திரண்டால் அதில் நைலோனோ பொலியெஸ்டரோ கலந்திருக்கிறது. சாம்பலாகிச் செங்கங்கோடு நின்றால் சரி. கயிற்றை வெந்நீரில் சவர்க்காரம் போட்டு அவித்தால் அதில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் மெழுகும் போகும். பிறகு தெளிந்த சாம்பல் நீரில் ஓரிரவு ஊறவைத்து, இழுத்துக் கட்டிக் காயவையுங்கள். இழுத்துக் கட்டாவிட்டால் கயிறு தளர்ந்து கங்கு மழுங்கிவிடும். அடுப்பில் சவுக்கு விறகோ தேயிலைக் கவ்வாத்துக் குச்சியோ எரிக்கும் வீட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்தால் இன்னும் சீராக எரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மேடைக்கு அது தேவையில்லை. அதைத் தேடி அலைந்தால் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியும் வரும்.

காய்ந்த கயிறு மணிக்கு எவ்வளவு எரிகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். நல்ல திரி ஏறத்தாழ ஓர் அடி போகும். பதுளையில் அளந்த அளவு ஹப்புத்தளைப் பனிமூட்டத்தில் பொருந்தாது, ஆகவே நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே ஒரு தடவை அளந்துகொள்வது நல்லது. திரியின் இரண்டு முனையையும் பற்றவைப்பது பழைய சிப்பாய் வழக்கம். ஒன்று அணைந்தால் மற்றதிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். பாம்பின் உதட்டுக்கு வெளியே கட்டைவிரல் அகலத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அதிகம் நீண்டால் வளைந்து தட்டைத் தவறவிடும். குறைந்தால் பித்தளை வாய் சூட்டை இழுத்துக் கங்கை அணைத்துவிடும். சுடுவதற்குச் சற்று முன் கங்கின் மேலிருக்கும் சாம்பலை ஊதிவிட வேண்டும். முகத்தைத் திருப்பி, ஓரமாக ஊதுங்கள்.

காற்றும் மழையும்

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று. தேயிலைக்கு வாசம் ஏற்றும் அதே காற்று, மலைச்சரிவுகளில் மானாப்புல்லைக் காயவைத்துத் தீக்குத் தயார்செய்தும் வைக்கும். வருடா வருடம் எரியும் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு திரியின் கங்கு புல்லில் விழுந்தால் போதும். இந்த மாதங்களில் நிகழ்ச்சியைப் பாடசாலை மைதானத்தின் வெறுந்தரையில் வைத்து, முன்கூட்டியே தரையை நனைத்து, இரண்டு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வையுங்கள். நைலோன் சாரியும் பொலியெஸ்டர் வேட்டியும் கட்டிய நடிகர் திரி பிடிக்கக் கூடாது. பருத்தி உடை மட்டும்.

நவம்பர், டிசம்பரில் பிரச்சினை வேறு. திரி பற்றவே பற்றாது. அக்காலச் சிப்பாய்கள் துளையிட்ட தகரக் குழாய்க்குள் திரியை வைத்து நனையாமல் காத்தார்கள். ஒரு பழைய டின்னில் ஆணியால் துளையிட்டு நீங்களும் செய்யலாம். மார்ச், ஏப்ரலில் பகல் இரண்டு மணிக்கு மேல் நிகழ்ச்சி வைக்காதீர்கள். இடி கேட்டால் மைதானத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை சென்ற் மார்க் தேவாலயத்தில் அவர் நினைவுக் கல் இருக்கிறது. ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போனால், மின்னலைப் பற்றி நீங்கள் தனியாகப் புத்திமதி சொல்லத் தேவையிருக்காது.

ஒழுங்கு

1607இல் யாக்கோப் டி கெய்ன் ஹேக் நகரில் வெளியிட்ட பயிற்சிப் படநூல், திரித் துவக்கைக் கையாளும் 40க்கு மேற்பட்ட நிலைகளைத் தனித்தனிப் படமாகக் காட்டுகிறது. அத்தனையும் மேடைக்கு வேண்டாம். ஆனால் ஒன்றை விடக் கூடாது: மருந்து இடுவதற்கு முன் திரியைப் பாம்பின் வாயிலிருந்து கழற்றி, இடது கை விரல்களுக்கு நடுவே, உடம்புக்கு விலக்கிப் பிடிப்பது. நெருப்பும் மருந்தும் ஒரே இடத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் மற்ற எல்லா நிலைகளின் நோக்கமும். மருந்து இல்லாத துவக்கிலும் இதைப் பிசகாமல் செய்யப் பழக்குங்கள். குழலில் போடுவதற்கு டஸ்ட் தேயிலை கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து பார்த்தால் கருமருந்து போலவே இருக்கும், தோட்டத்துப் பார்வையாளர்கள் சிரிக்கவும் செய்வார்கள். தட்டில் அதைப் போடாதீர்கள். கங்கு பட்டால் புகையத் தொடங்கும். தட்டு காலியாகவே இருக்கட்டும்.

குழல் மரம்தானே என்று ஆளை நோக்கி நீட்டக் கூடாது. எதிரியின் தலைக்கு மேலே, ஓரமாகக் குறிவைக்கச் சொல்லுங்கள். பார்வையாளருக்கு அந்தக் கோணம் தெரியாது.

பிரித்தானியாவிலோ கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் நம்மவர்கள் உண்மையாகவே சுட விரும்பினால் அதற்கு அங்கே முறையான வழி இருக்கிறது. பிரித்தானியாவில் குழல் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை பெற்றிருக்க வேண்டும்; துவக்குக்கும் கருமருந்துக்கும் தனித்தனியாகப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். எவ்வளவு மருந்து என்பதைச் செய்தவரின் குறிப்பிலிருந்தும் துவக்குச் சுடும் கழகத்தின் பயிற்சியாளரிடமிருந்தும் மட்டும் கேளுங்கள். இந்த நூல் அந்த அளவைத் தராது.

நிகழ்ச்சி முடிந்ததும் திரியை மிதித்து அணைக்காதீர்கள். பருத்தியின் உள்ளே கங்கு ஒளிந்துகொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் விழித்துக்கொள்ளும். எரிந்த முனையை இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டித் தண்ணீர் வாளியில் போடுங்கள், மிச்சத்தைக் கையால் தடவிச் சூடு இல்லையென்று பாருங்கள். பற்றவைக்கும்போது எத்தனை துண்டு கொடுத்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். பாம்பையும் தட்டையும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, அச்சு ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், மலைக்குளிரில் உறைந்து அடுத்த தடவை பாம்பு பாதியில் நின்றுவிடும். கட்டைக்கு வருடத்தில் ஒரு தடவை லின்சீட் எண்ணெய் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்து வெயிலில் காயவையுங்கள். சுருட்டிய லின்சீட் துணி தானாகவே தீப்பற்றும். திரிச் சுருளைத் துவக்கோடு வைக்காமல் தனி டின்னில் போட்டு மூடி, டின்னின் மேல் அளந்த வேகத்தையும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள்.